மனை வாங்கும் முன் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம்

(பாலக்கோட்டில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா பொதுக்குழுவுல சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி, வங்கி இணைப்பு இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு வேற ஒரு விஷயம் பேசச் சொல்லி தலைவி அம்மா கேட்டுக்கிட்டாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. சமீபத்துல வந்த கடன் விண்ணப்பங்களை நாங்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். மாடு வாங்க, போர் போட, கடை வைக்க என்று வருவது எப்பவும் போல இருக்கு. ஆனா "டவுனில் மனை வாங்க", "டவுனில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ்" என்று வருவது கூடிக்கிட்டே போகுது. ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்லுகிற பதில் ஒன்றுதான். "பிள்ளைங்க படிப்புக்குங்க."

இந்தப் பதிலைக் கேட்டால் எங்களுக்கு சந்தோஷமாகவும் இருக்கு, பயமாகவும் இருக்கு. கைநாட்டு வைத்த அம்மாக்களின் பிள்ளைகளை நல்லா படிக்க வைக்கணும் என்று ஆசைப்படுகிறோமே, அது சந்தோஷம். அந்த ஆசைக்காக இருக்கிற அரை ஏக்கரையும், கழுத்தில் கிடக்கிறதையும் வைத்துவிட்டு, கடைசியில் படிப்பும் சரியா கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது பயம்.

பலகையில் எழுதியிருப்பது

ஓசூர் – தருமபுரி நான்கு வழிச்சாலை வேலை தொடங்கின பிறகு நம்ம பாலக்கோட்டைச் சுற்றி நிலத்தின் விலை எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். நேற்று வரை ராகி போட்ட காட்டில் இன்று கல் நட்டு, கலர் கொடி கட்டி இருக்கு. பலகையில் என்ன எழுதியிருக்கு? "பஸ் வசதி, குடிநீர் வசதி, அருகில் புகழ்பெற்ற பள்ளிகள்." அந்தக் கடைசி வரிக்குத்தான் நாம் சென்ட்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுக்கிறோம்.

நாம் தக்காளி விற்கிறவங்க. மண்டியில் பெட்டியின் மேலே நல்ல பழத்தை அடுக்கி வைத்திருந்தால் கையை விட்டுக் கீழே இருக்கிற பழத்தையும் எடுத்துப் பார்க்கிறான் வியாபாரி. நாமும் அப்படித்தான் பார்ப்போம். ஆனா பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் மேலே அடுக்கினதைப் பார்த்தே பணத்தைக் கட்டிவிடுகிறோம். இன்னைக்கு நாம் பேசப்போவது இதைத்தான்.

இது நம்ம ஊர்க் கவலை மட்டும் இல்லை

நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுவது உலகம் பூராவும் இருக்கு. அமெரிக்காவில் அரசுப் பள்ளியின் செலவில் ஒரு பெரிய பங்கு அந்தப் பகுதியின் வீட்டு வரியில் இருந்து வருது. விலை கூடின வீடுகள் இருக்கிற பகுதியில் வரி அதிகம், பள்ளிக்கும் பணம் அதிகம். எந்தப் பகுதியில் வீடோ அந்தப் பகுதிப் பள்ளியில்தான் பெரும்பாலும் இடம். அதனால நல்ல பள்ளி இருக்கிற இடத்தில் வீட்டு விலை ஏறிப்போய், சம்பாதிப்பதில் பாதியை வீட்டுக் கடனுக்கே கட்டுகிற குடும்பங்கள் அங்கேயும் இருக்கு. இலங்கையில் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்புச் சேர்க்கையில் பாதி இடங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. அங்கே கொழும்பில் பெயர் பெற்ற பள்ளிகளைச் சுற்றி வீடு பிடிக்கப் பெற்றோர் படாத பாடு படுகிறார்கள்.

ஆனா நம்ம தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு. இதைக் கொஞ்சம் கவனிங்க.

ஒன்று, அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநில அரசு கொடுக்குது. பஞ்சப்பள்ளியில் வேலை செய்தாலும் சென்னையில் வேலை செய்தாலும் சம்பள விகிதம் ஒன்றுதான். நம்ம ஊர் ஏழை ஊர் என்பதால் படிக்காத வாத்தியாரை அனுப்புவதில்லை.

இரண்டு, புத்தகம். முன்பு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம், அரசுப் பள்ளிக்குத் தனிப் பாடத்திட்டம். சமச்சீர் கல்வி 2010-ல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒன்றானது. இப்போ மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளை படிப்பதும் நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளை படிப்பதும் அதே பாடம்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கேள்வித்தாளும் ஒன்றுதான்.

மூன்று, கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. நம்ம மாநில விதிப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்க நமக்கு உரிமை இருக்கு.

அப்படியென்றால் டவுனில் கூடுதல் விலை கொடுத்து நாம் வாங்குவது என்ன? பாடம் வேறு இல்லை, பரீட்சை வேறு இல்லை. சீருடை, வேன், இங்கிலீஷ் மீடியம், "என் பிள்ளை அங்கே படிக்கிறான்" என்கிற பேர் இதெல்லாம் வாங்குகிறோம். சில இடத்தில் நல்ல கவனிப்பும் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா கவனிப்பு கிடைக்குதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கணும்.

ஒரு அக்காவின் கதை

நம்ம குழு அக்கா ஒருத்தங்க "பேரைச் சொல்லாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க, நாலு பேருக்குப் பிரயோசனமாகட்டும்" என்றார்கள். அதனால சொல்லுகிறோம்.

அவங்க வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஊரில் அரை ஏக்கர் காடு, இரண்டு கறவை மாடு. ஒரு மகள், ஒரு மகன். மகன் ஆறாம் வகுப்பு போகும்போது டவுனில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தாங்க. வேனில் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகுது, பிள்ளை களைத்துப் போகுது என்று டவுனிலேயே வாடகைக்கு வீடு எடுத்தாங்க. அட்வான்சுக்கு ஒரு மாட்டை விற்றாங்க. அம்மா டவுனுக்கு வந்த பிறகு இன்னொரு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, அதுவும் போச்சு. "வாடகை வீணாகத்தானே போகுது, மனை வாங்கிப் போட்டால் நமக்குச் சொந்தம்" என்று யாரோ சொன்னாங்க. அரை ஏக்கரை விற்று, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கி, மூன்று சென்ட் மனை வாங்கினாங்க. வீடு கட்ட கையில் காசு இல்லை. அந்த மனையில் இன்னைக்கு வரைக்கும் சீமைக்கருவேல முள்தான் நிற்குது.

மகள் எங்கே? அவளை ஊரில் பாட்டியோடு விட்டுட்டாங்க. "அவள் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறாள், செலவு இல்லை" என்று. மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்போது வட்டி ஏறிப்போச்சு. தம்பிக்கு பீஸ் கட்டணும், பாட்டிக்கு உடம்பு சரியில்லை. பத்தாம் வகுப்புக்கு அவளை அனுப்பவில்லை. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சாங்க. வயது பதினைந்து.

குழுவில் இது தெரிந்ததும் ஊக்குநர் அம்மாவும் இன்னும் நாலு உறுப்பினர்களும் அவங்க வீட்டுக்குப் போனாங்க. சண்டை போடவில்லை. "பொண்ணு கல்யாணத்துக்குச் செலவழிக்க இருக்கிற காசு பொண்ணு படிப்புக்கு இல்லையா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாங்க. அந்த அக்கா அழுதுட்டாங்க. வீட்டுக்காரரிடம் பேசிப் புரிய வைக்க இரண்டு வாரம் ஆச்சு. தலைமை ஆசிரியர் அம்மாவே நேரில் வந்து மகளைத் திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. இன்னைக்கு அவள் பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் படிக்கணும் என்கிறாள். மகனும் இப்போ ஊரில் இருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போறான்.

மகள் திரும்பி வந்துட்டாள். அரை ஏக்கர் திரும்பி வரவில்லை. அக்கா இதைச் சொல்லும்போது, "நான் பிள்ளைங்களுக்காகத்தான் செஞ்சேன். எந்தப் பிள்ளைக்கு என்று யாரும் அப்ப கேட்கலை" என்றார்கள். அந்த வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கியதில் நாங்களும் இருந்தோம். "நோக்கம்: படிப்பு" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு நாங்களும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு இருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு என்றால் நமக்குப் புதுசில்லை. வாராவாரம் போடுகிறோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் வீட்டுத் தொகையை நீங்களே போட்டுப் பாருங்க.

முதல் வழி: டவுனில் வாடகைக்குப் போவது. வாடகை மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. பள்ளிக் கட்டணம் 30,000. ஊரில் இருந்தால் சொந்தமாகக் கிடைக்கிற பால், கீரை, விறகு இதையெல்லாம் டவுனில் காசு கொடுத்து வாங்கணும். மாதம் 2,000 வைத்தால் 24,000. மாட்டில் இருந்தும் களை எடுப்பதில் இருந்தும் அம்மாவுக்கு வந்த வருமானம் நின்றுபோகும். மாதம் 3,000 வைத்தால் 36,000. மொத்தம் வருடத்துக்கு 1,38,000.

இரண்டாவது வழி: ஊரிலேயே இருந்து வேனில் அனுப்புவது. கட்டணம் 30,000, வேனுக்குப் பத்து மாதம் 10,000. மொத்தம் 40,000.

மூன்றாவது வழி: அரசுப் பள்ளி. கூடுதல் நோட்டு, சாயங்கால டியூஷன், மற்ற செலவு எல்லாம் சேர்த்து 6,000 என்று வையுங்க.

விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டாலே பன்னிரண்டு வருடத்துக்கு முதல் வழிக்கு 16,56,000. இரண்டாவதுக்கு 4,80,000. மூன்றாவதுக்கு 72,000. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றேதான், பார்த்தீங்களா? வீடு மாறினதுக்கு மட்டும் பதினொன்றே முக்கால் லட்சம் கூடுதல்.

நான்காவது வழி: மனை வாங்குவது. மூன்று சென்ட் 6 லட்சம் என்று வையுங்க. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 54,000. இதில் 4 லட்சம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 8,000 வட்டி. வருடத்துக்கு 96,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 4,80,000 ஆகும். அசல் அப்படியே நிற்கும். வீடு இன்னும் கட்டவில்லை. பிள்ளை இன்னும் வேனில்தான் போய்வரும்.

ஆறாம் வகுப்பில் ஒரு கதவு இருக்கு

இதைப் பெரும்பாலானவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் படிக்க வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் டவுனுக்கு மாற்றுவதுதான் நம்ம பக்கத்து வழக்கம். ஆனா அரசு கொடுக்கிற பெரிய சலுகைகள் எல்லாம் ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தது என்றுதான் பார்க்குது.

2020-ல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். 2021-ல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது வந்தது. அந்த இடத்தில் சேருகிற பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதே மாதிரி வந்தது. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். இதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆக, ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றுகிற அன்று இந்தக் கதவுகளில் பலவற்றை நாமே சாத்திவிட்டுப் போகிறோம். திட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறலாம். மாற்றுவதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் போய், "இப்போ என்னென்ன இருக்கு, மாற்றினால் எது போகும்?" என்று கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

தனியாரில்தான் சேர்க்கணும் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்க. எல்.கே.ஜி.யில் அல்லது ஒன்றாம் வகுப்பில் சேரலாம். வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அந்தப் பள்ளி இருக்கணும். நலிந்த பிரிவில் விண்ணப்பித்தால் வருட வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கணும். கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆனா அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் நம்ம தலையில் வந்து நிற்கும். அதற்கும் சேர்த்து யோசிக்கணும்.

பள்ளிக்கூடத்தை எப்படிப் பார்ப்பது?

அரசுப் பள்ளி என்றாலே நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கிற பள்ளி இருக்கு. கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளி இருக்கு. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவே இல்லாத பள்ளி இருக்கு. அது எங்களுக்கும் தெரியும். அதனால எந்தப் பள்ளியாக இருந்தாலும் கையை விட்டு எடுத்துப் பார்க்கணும். ஒரு வேலை நாளில், இரண்டு பேராகச் சேர்ந்து போங்க. இதைக் கேளுங்க:

1. ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் இருக்காங்களா? எத்தனை வருடமா இருக்காங்க? வருடா வருடம் ஆசிரியர் மாறுகிற பள்ளியில் பிள்ளை நிலைக்காது.

2. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை பேப்பரில் நாலு வரி படிக்கச் சொல்லுங்க. எழுத்துக்கூட்டாமல் படிக்குதா? இங்கிலீஷ் மீடியம் என்றால், படித்ததுக்கு அர்த்தம் தமிழில் சொல்லத் தெரியுதா? ஒப்பிக்கிறது வேறு, படிக்கிறது வேறு.

3. "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டியிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தாங்க, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினது எத்தனை பேர் என்று கேளுங்க. சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் நூறு சதவீதம் சுலபமாக வரும்.

4. பெண் பிள்ளைகள் போகிற கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்க. தண்ணீர் வருதா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?

5. தனியார் என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கு என்று கேளுங்க. இதற்கு 2009-ல் சட்டமே வந்திருக்கு. கட்டுகிற காசுக்கு எல்லாம் ரசீது வாங்குங்க.

6. அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் தனியாகப் பேசுங்க. ஆபீஸ் அறையில் கேட்பதைவிட பஸ் ஸ்டாப்பில் கேட்டால் உண்மை தெரியும்.

சரியில்லை என்றால் என்ன செய்வது?

நம்ம ஊர்ப் பள்ளி சரியில்லை என்றால் நமக்கு இரண்டு வழி இருக்கு. ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் கடன் வாங்கி டவுனுக்கு ஓடுவது ஒன்று. பத்துப் பேர் சேர்ந்து பள்ளிக்குள் போய்க் கேட்பது இன்னொன்று.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும் என்பது சட்டம். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள். நம்ம குழு உறுப்பினர்கள் பலபேர் அதில் இருக்கோம். ஆனா நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். இனிமேல் கேள்வி கேட்போம். ஆசிரியர் காலியிடம் இருந்தால் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புவோம். நகலைக் கையில் வைத்துக்கொள்வோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் நம்ம பள்ளிக்கூடத்தின் பேரும் வரட்டும். பஸ் நேரம் சரியில்லை என்றால் ஒருத்தி கேட்டால் கண்டக்டர் சிரிப்பார். கூட்டமைப்பின் லெட்டர்பேடில் ஐம்பது கையெழுத்தோடு போனால் டெப்போவில் எழுந்து நின்று வாங்குவாங்க.

இது முடியுமா என்று யோசிக்காதீங்க. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்பதே 1989 செப்டம்பரில் இந்த தருமபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அப்புறம்தான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. பொம்பளைங்க பேங்க் படி ஏறுவாங்களா என்று அன்றைக்குக் கேட்டாங்க. ஏறிக் காட்டியது நம்ம அம்மாக்கள்தான். பேங்க் படியே ஏறினவங்களுக்கு பள்ளிக்கூடத்துப் படி ஒன்றும் உயரம் இல்லை.

டவுனுக்குப் போகவே கூடாதா?

அப்படி நாங்கள் சொல்லமாட்டோம். போகவேண்டிய காரணமும் இருக்கு. பிள்ளைக்கு வேண்டிய பிரிவு பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லை. சாயங்காலம் பெண் பிள்ளை திரும்பி வருகிற வழி பாதுகாப்பாக இல்லை, பஸ்ஸும் இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தேவையான உதவி டவுனில்தான் கிடைக்குது. இந்த மாதிரி நேரத்தில் போவது சரிதான். ஆனா அதற்கும் முதலில் அரசு விடுதியைப் பாருங்க. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி இருக்கு. படிப்பு நின்றுபோன பெண் பிள்ளைகளுக்கு கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா இருக்கு. அதுவும் ஆகவில்லை என்றால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்க. ஒரு வருடத்தில் அந்தப் பள்ளி எப்படி என்று தெரிந்துவிடும். மனை எங்கேயும் ஓடிப்போகாது.

கையில் காசு சேர்ந்து, கடன் இல்லாமல் மனை வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்குங்க. அது சொத்து. ஆனா அங்கீகாரம் பெற்ற மனையா என்று பாருங்க. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தத்தான் பிறகு வழி செய்தாங்க. வில்லங்கச் சான்று எடுங்க, பட்டா யார் பேரில் இருக்கு என்று பாருங்க. முக்கியமாக, உங்கள் பேரில் பதிவு பண்ணுங்க. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நாம் சொன்ன 6 லட்சம் மனைக்கு 6,000 ரூபாய் மிச்சம். வீட்டில் பேச ஒரு நல்ல காரணமும் கிடைக்குது.

எந்தப் பிள்ளைக்கு?

கடைசியாக ஒன்று. பெண்ணுக்கு 18 வயது முடியாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 1098-க்கு போன் பண்ணினால் வருவாங்க. ஆனா 1098 வருவதற்கு முன்னால் குழுவுக்குத் தெரியும். பள்ளிக்குப் போகாத பொண்ணு யார் வீட்டில் இருக்காள் என்று முதலில் தெரிவது நமக்குத்தான். அதற்கும் முன்னால், அந்தக் குடும்பம் தாங்கமுடியாத கடன் வாங்கும்போதே நமக்குத் தெரியும். ஏனென்றால் அந்த விண்ணப்பம் நம்ம கையில்தான் வருது.

அதனால நாங்கள் உங்கள் முன்னால் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இனிமேல் "படிப்புக்கு" என்று கடன் கேட்டு வந்தால் குழுவில் மூன்று கேள்வி கேட்போம். எந்தப் பிள்ளைக்கு? மற்ற பிள்ளை இப்போ எங்கே படிக்குது? அந்தப் பள்ளியை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீங்களா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். கடனை மறுப்பதற்காக இல்லை. அந்த அக்காவிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இனி யாரிடமும் கேட்காமல் விடக்கூடாது என்பதற்காக.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்க. உங்க குழு என்ன முடிவு எடுத்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் போடுவோம்.